மின்கட்டணம், காப்பீடு, கண்ணாடிக் குதிரை: அமெரிக்கக் குடும்ப நாடகத்தில் குறியீடு வளர்ந்த விதம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராவின்ஸ்டவுன் ஒரு மீன்பிடி ஊர். அங்கே படகுத்துறையில் இருந்த பழைய கிடங்கு ஒன்றை 1916 கோடையில் நாடக அரங்காக்கியிருந்தார்கள். யூஜீன் ஓநீலின் நாடகம் ஒன்று முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். சில நாட்கள் கழித்து அதே மேடையில் சூசன் கிளாஸ்பெல்லின் 'டிரைஃபிள்ஸ்' நடந்தது. 'அற்பங்கள்' என்பது அந்தத் தலைப்பின் பொருள். கணவனைக் கொன்றதாகப் பிடிபட்ட ஒரு குடியானவப் பெண்ணின் வீட்டில், காரணத்தைத் தேடி ஷெரீஃபும் அரசு வழக்கறிஞரும் மாடிக்கும் கொட்டகைக்கும் அலைகிறார்கள். கூட வந்த பெண்கள் இருவரும் அடுக்களையை விட்டு நகரவில்லை. கீல் பெயர்ந்த பறவைக்கூண்டு, நடுவில் திடீரென்று கோணிப்போன தையல், தையல்பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிவைத்த, கழுத்து முறிந்த கேனரிக் குருவி என்று ஒவ்வொன்றாக அவர்கள் கண்ணில் படுகின்றன. கண்டதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. அயோவாவில் 1900-இல் நடந்த ஹொசாக் கொலை வழக்கைப் பத்திரிகைக்காகப் பின்தொடர்ந்து எழுதியவர் கிளாஸ்பெல். துப்புத் துலக்கும் அந்தக் கண் நாடகத்திலும் விழித்திருக்கிறது.

அந்தக் குருவி ஒடுக்கப்பட்ட குரலின் குறியீடு என்று பாடநூல்கள் சொல்லும். தவறில்லை. ஆனால் மேடையில் அது முதலில் ஒரு தடயம், வீட்டில் புழங்கிய ஓர் உயிர். அர்த்தம் பிறகுதான் அதன்மேல் படிகிறது. அதற்குப் பின் வந்த அமெரிக்கக் குடும்ப நாடகங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: இங்கே குறியீடு வீட்டு வரவுசெலவுக் கணக்கிலிருந்து முளைக்கிறது. ஏமாற்றத்தை டாலரில் எண்ணுகிறார்கள். பக்கத்திலேயே விலை போட முடியாத ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. செகாவின் செர்ரித் தோட்டமும் ஏலத்துக்குப் போனதுதான். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியாததே அந்தக் குடும்பத்தின் குணம். அமெரிக்க மேடையில் எல்லோருக்கும் கணக்குத் தெரியும்.

பெருமந்தத்தின் நடுவே, 1935-இல், குரூப் தியேட்டர் மேடையேற்றிய கிளிஃபர்ட் ஓடெட்ஸின் 'அவேக் அண்ட் சிங்!' நாடகத்தில் இந்த அமைப்பு முதன்முறை முழுமையாகத் தெரிகிறது. பிராங்க்ஸில் நெருக்கியடித்து வாழும் பெர்கர் குடும்பம். தாத்தா ஜேக்கபுக்குச் சொத்து என்றால் சில புத்தகங்களும் கருசோ பாடிய இசைத்தட்டுகளும்தான். மகள் பெஸி கோபத்தில் அந்தத் தட்டுகளை உடைத்துப்போடுகிறாள். கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறார். அங்கிருந்து விழுந்து இறக்கிறார். பேரனுக்கு அவர் எழுதிவைத்த காப்பீட்டுத் தொகை 3,000 டாலர். உடைந்த இசைத்தட்டையும் இந்தத் தொகையையும் ஒரே வீட்டுக்குள் வைத்துவிட்டார் ஓடெட்ஸ். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும்.

டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜெரி' 1944 டிசம்பரில் சிகாகோவில் தொடங்கி, 1945 மார்ச்சில் நியூயார்க்குக்கு வந்தது. லாராவின் கண்ணாடி ஒற்றைக்கொம்புக் குதிரையைப் பற்றி எழுதியவர்கள் அநேகம் பேர். அதன் மென்மையிலேயே மயங்கி நின்றுவிட்டவர்களும் அநேகம் பேர். கொம்பு எப்படி உடைகிறது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். மின்கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை மகன் டாம் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தாவாகக் கட்டிவிட்டான். குடும்பத்தை விட்டு ஓட அதுவே அவனுடைய சீட்டு. விருந்தாளி ஜிம் வந்திருக்கும் இரவில் மின்சாரம் போகிறது. மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் லாராவும் ஜிம்மும் ஆடுகிறார்கள், மேஜையில் இடிக்கிறார்கள், குதிரை விழுகிறது. நாடகத்தின் ஆகக் கவித்துவமான நிமிடத்துக்கு அடியில் கட்டப்படாத பில் ஒன்று கிடக்கிறது. அதற்கு முன்பே, மகள் தட்டச்சு வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றியது தெரிந்த அன்று, தாய் அமாண்டா கட்டிய 50 டாலரையும் கணக்கில் எழுதியாயிற்று.

மேடைக்கலையின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வீட்டை ஒளி ஊடுருவும் மெல்லிய திரைகளால் அமைத்தவர் ஜோ மீல்சினர். நான்கு ஆண்டுகள் கழித்து ஆர்தர் மில்லரின் விற்பனையாளருக்கும் சுவரில்லா வீட்டை வடிவமைத்தவர் அவரே. நினைவும் நிகழ்காலமும் ஒரே இடத்தில் நடமாட முடிந்ததற்கு எழுத்து மட்டும் காரணமல்ல. துணியும் விளக்கும் காரணம்.

'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949 பிப்ரவரி 10 அன்று, இலியா கசான் இயக்கத்தில், மொரோஸ்கோ அரங்கில் தொடங்கி 742 முறை நடந்தது. அதன் தொடக்கத்திலேயே ஒரு கணக்குக் காட்சி. வில்லி லோமன் ஊர் ஊராகப் போய் விற்றதாக அளந்த தொகை, மனைவி லிண்டா பென்சிலோடு உட்கார்ந்ததும் சுருங்கி, கமிஷன் எழுபது டாலர் சொச்சத்தில் வந்து நிற்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு 16, சலவை இயந்திரத்துக்கு 9.60, தூசி உறிஞ்சிக்கு 3.50, கூரைக்கு 21 என்று அவள் வாசித்துக்கொண்டே போகிறாள். அலுப்பூட்டும் பட்டியல்தான். ஆனால் பின்னால் அவள் கிழிந்த காலுறையைத் தைக்கும்போது வில்லி ஏன் பதறுகிறான் என்பதற்கு இந்தப் பட்டியல் வேண்டும். பாஸ்டனில் வேறொருத்திக்கு அவன் பெட்டி பெட்டியாகக் கொடுத்தது புதுக் காலுறைகளை.

கடைசி இரவில் வில்லி கொல்லைப்புறத்தில் விதை ஊன்றுகிறான். ஒரு கையில் டார்ச் விளக்கு. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் படித்து, காரட்டுக்குக் கால் அங்குல இடைவெளி, வரிசைக்கு வரிசை ஓரடி என்று அளக்கிறான். அடுக்குமாடிகள் வெயிலை மறைத்துவிட்ட அந்த மண்ணில் எதுவும் முளைக்காது. அளந்துகொண்டே, இறந்துபோன அண்ணன் பென்னிடம் 20,000 டாலர் காப்பீட்டைப் பற்றி யோசனை கேட்கிறான். விதையையும் தொகையையும் மில்லர் ஒரே மூச்சில் பேசவைத்திருக்கிறார். மகனுக்கு எதையாவது விட்டுச்செல்ல வேண்டும் என்ற தவிப்பு இரண்டுக்கும் ஒன்றே. அந்தப் பணம் கைக்கு வந்ததா என்று நாடகம் சொல்வதில்லை. வீட்டுக் கடனின் கடைசித் தவணையை லிண்டா அன்றுதான் கட்டினாள் என்பதை மட்டும் சொல்கிறது.

ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' காலவரிசையில் ஒரு சிக்கல். எழுதி முடித்தது 1941-இல். தான் இறந்து 25 ஆண்டுகள் வெளியிடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தும், மேடைக்கு வந்தது 1956-இல், முதலில் ஸ்டாக்ஹோமில். ஆகவே அதை மில்லருக்குப் பின் வந்ததாகப் படிப்பது பார்வையாளர் வரலாறு. மில்லருக்கு முந்தியது என்பது எழுத்து வரலாறு. விமர்சகர்கள் பேசுவது பெரும்பாலும் பனிமூட்டத்தையும், தாய் மேரி இறுதியில் சுமந்து வரும் கல்யாண உடுப்பையும்தான். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது மின்விளக்கு. நள்ளிரவில் ஹால் விளக்கை அணைப்பதா வேண்டாமா என்று அப்பனுக்கும் காசநோய்க்கார மகனுக்கும் சண்டை. வீம்புக்குத் தந்தை டைரோன் சரவிளக்கின் மூன்று பல்புகளையும் போட்டுவிடுகிறார். பிறகு, ஆண்டுக்கு முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் டாலர் லாபம் தந்த ஒரே நாடகத்தில் சிக்கித் தன் நடிப்பையே தொலைத்த கதையைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் மகனிடம் கேட்டுக்கொண்டு, ஏறி நின்று, பல்புகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். தன்னை அறிந்த மனிதர்தான். ஆனாலும் கை பழக்கத்தை விடவில்லை. மலிவு மருத்துவரால் மனைவி மார்ஃபினுக்கு அடிமையான பிறகும் மகனுக்கு மலிவான சானடோரியம் தேடும் கை அது.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' (1959) இதே கணக்கைக் கறுப்பினக் குடும்பத்தின் பக்கமிருந்து போட்டது. இங்கே காப்பீட்டுத் தொகை 10,000; தந்தை ஏற்கெனவே இறந்துவிட்டார், காசோலை தபாலில் வருகிறது. 3,500 வீட்டுக்கு முன்பணம். மீதி 6,500-ஐ மகன் வால்டர் ஒரு மோசடிக்காரனிடம் கொடுத்து இழக்கிறான். வில்லியின் தோட்டத்துக்கு ஈடாக இங்கே ஒரு தொட்டிச் செடி, வெயில் சரியாக எட்டாத ஜன்னலோரத்தில். வெள்ளையர் பகுதிக்குக் குடிபோகும்போது தாய் கடைசியாகத் திரும்பி வந்து எடுத்துச்செல்வது அதைத்தான். இது வெறும் நம்பிக்கைச் சின்னமாகத் தேய்ந்துபோகாததற்குக் காரணம் ஆசிரியரின் வாழ்க்கை: அவருடைய தந்தை வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதால் எழுந்த வழக்கு 1940-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

எட்வர்ட் ஆல்பி 1962-இல் பொருளையே எடுத்துவிட்டு, இல்லாத மகன் ஒருவனைக் குறியீடாக்கினார். சாம் ஷெப்பர்ட் 1978-இல், யாரும் விதைக்காத கொல்லையிலிருந்து மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டு வரவைத்தார். இரண்டும் பெரிய நாடகங்கள்தாம். நான் தொடரும் இழையில் அவை கிளைகள்.

அந்த இழையை மறுபடி கையில் எடுத்தவர் ஆகஸ்ட் வில்சன். அவருடைய 'ஃபென்சஸ்' 1987-இல் பிராட்வேக்கு வந்தது. அதில் டிராய் மேக்சன் வீடு வாங்கியது, போரில் தலையில் அடிபட்ட தம்பி கேப்ரியலுக்கு ராணுவம் கொடுத்த 3,000 டாலரில். தொலைக்காட்சி கேட்கும் மகனிடம், கூரைக்குத் தார் பூச 264 டாலர் ஆகும் என்று அவன் கணக்குச் சொல்லும்போது லிண்டாவின் பென்சில் நினைவுக்கு வராமல் இருக்காது.

1990-இல் புலிட்சர் பெற்ற 'தி பியானோ லெசன்' இன்னும் ஓரடி உள்ளே போகிறது. சார்ல்ஸ் குடும்பத்தின் பியானோவுக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்ட விலையே மனிதர்கள்: அடிமைகளாக இருந்த ஒரு தாயும் அவளுடைய ஒன்பது வயது மகனும். பிரிந்துபோன அவர்களின் முகங்களைக் கணவன் அந்த மரத்தில் செதுக்கினான். தலைமுறைகள் கழிந்து, 1936-இல், பியானோ பிட்ஸ்பர்க்கில் ஒரு வீட்டின் முன்னறையில் நிற்கிறது. அதை விற்று, மூதாதையர் அடிமைகளாக உழுத நிலத்தையே வாங்கிவிடலாம் என்பது பாய் வில்லியின் கணக்கு. அதில் ஒரு பிழையும் இல்லை. அவனும் நண்பனும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார்கள். பியானோ நகரவில்லை.