ரத்தத்திடம் ஒரு கேள்வி

1870 வாக்கில் பாரிஸின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் ஒரு கட்டடம் பழுதாகிப்போனது. அங்கிருந்த பெண்களை இடம் மாற்றியாக வேண்டும். மனநோயாளிகளைப் பிரித்து அனுப்பிவிட்டு, வலிப்பு வருகிறவர்களையும் ஹிஸ்டீரியா என்று சொல்லப்பட்டவர்களையும் ஒன்றாக்கி, ஷார்கோவின் பொறுப்பில் விட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி விழுந்து துடிப்பதை இன்னொருத்தி தினம் தினம் பார்க்கிறாள். இவளுக்கும் அதே மாதிரி வருகிறது. யாருக்கு எது என்று எப்படிச் சொல்வது?

சல்பெட்ரியேர் என்றதும் எல்லாரும் வில்லாக வளைந்து கிடக்கும் பெண்களின் போட்டோக்களைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ அங்கே இருந்த தெர்மாமீட்டர்தான் முக்கியமாப் படுது. அடுத்தடுத்து விடாமல் வலிப்பு வந்தால் உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். ஹிஸ்டீரியாவில் எத்தனை முறை வந்தாலும் அந்த அளவுக்கு ஏறாது என்று ஷார்கோவும் அவருடன் இருந்த பூர்ன்வில்லும் குறித்து வைத்தார்கள். நோயாளியின் பேச்சை ஓரமா வச்சுட்டு, அவள் உடம்பிடமே சாட்சி கேட்ட வேலை அது.

1929இல் ஹான்ஸ் பெர்கர் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார். பெரிய வழிதான். ஆனால் தலையில் வயர் மாட்டியிருக்கும் நேரம் பார்த்து வலிப்பு வரணுமே!

1978இல் லண்டன் மருத்துவர் மைக்கேல் டிரிம்பிள் ரத்தத்திடம் போனார். அவர் தேடியது புரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். சாதாரணமாக ஹைபோதலாமஸிலிருந்து வரும் டோபமைன் அதை அடக்கி வைத்திருக்கும். மூளையில் கிளம்பும் மின்புயல் அங்கே வரை போனால் பிடி தளர்ந்து, பிட்யூட்டரி அதை ரத்தத்தில் கொட்டிவிடும். கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்புக்குப் பின் ஏறிய அளவு, ஹிஸ்டீரியா என்று கருதப்பட்டவர்களிடம் ஏறவில்லை. நூறு வருஷக் கேள்விக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் பதில் கிடைச்ச மாதிரி இருந்தது.

முழுசாக் கிடைக்கல. 2005இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி இதுவரை வந்த ஆய்வுகளை அலசியது. வலிப்பு வந்த 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால் இது உதவும்; ஒப்பிட, அதே ஆளிடம் வேறு நேரத்தில் எடுத்த அளவும் வேண்டும். சும்மா மயங்கி விழுந்தாலே புரோலாக்டின் ஏறலாம். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் அதை ஏற்றும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு: அளவு ஏறவில்லை என்பதை வைத்து, வந்தது வலிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. சின்ன வலிப்புகள் பலவும் ரத்தத்தில் தடயமே விடாது.

இரண்டும் சேர்ந்தே வருகிற ஆட்களும் உண்டு. அப்புறம், மனதிலிருந்து வருவதை வரவழைப்பவர் யாருமில்லை, அது தானாக வருவது. இருந்தும் 'போலி வலிப்பு' என்ற பெயர் டாக்டர்கள் வாயில் ரொம்ப காலம் புழங்கியது. அந்தப் பெயரைக் கேட்ட வீட்டுக்காரர்கள் "அப்ப இவ்வளவு நாளா நடிச்சியா?" என்றுதானே கேட்பார்கள்? தப்பாக வலிப்பு என்று எழுதிவிட்டால் அது வேறு கொடுமை, வருஷக்கணக்கில் வேண்டாத மாத்திரை.

இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல, ஆளை வார்டில் படுக்கவைத்து, தலையில் வயர் மாட்டி, கேமராவை ஓடவிட்டு, அடுத்தது வரும் வரை நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள்.