எல்லைப்புறச் சுகாதார நிர்வாகமும் அலுவலர் நியமனமும்: பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளை முன்வைத்து

கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ் வழங்கும் பகுதிகளின் வரலாறு பெரும்பாலும் மொழி, நிலம், தோட்டத்தொழில் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டி எழுந்த போராட்டம் பலராலும் பேசப்பட்டது. அவ்வட்டங்களில் அம்மையும் வாந்திபேதியும் பரவியபோது பொறுப்பேற்று நின்ற அலுவலர் யார், எத்தகுதி நோக்கி அவர் அப்பதவியில் அமர்த்தப்பட்டார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மக்களின் உயிரோடு நேரடித் தொடர்புடைய இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு மரபுகள்

பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இன்றைய இடுக்கியின் மலைப்பகுதிகள் திருவிதாங்கூர் அரசுக்கு உரியவை. இடுக்கி தனி மாவட்டமாக உருப்பெற்றது 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாளில்தான். ஆதலின் இவ்விரு பகுதிகளும் இருவேறு நிர்வாக மரபுகளின் வழிவந்தவை என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது.

சென்னை மாகாணத்தில் மாவட்டத் தலைமை மருத்துவருக்கே சுகாதாரப் பணியும் சேர்த்து அளிக்கப்பட்டிருந்தது. அவருடைய பதவிப்பெயரே 'மாவட்ட மெடிக்கல் அண்டு சானிட்டரி ஆபீசர்' என்பதாகும். பெயரில் இரண்டு பணிகள் இருந்தபோதிலும் நடைமுறையில் ஒன்றே நிகழ்ந்தது. நோயாளி வாயிலில் வந்து நிற்பான். கிணற்றில் கலந்த கிருமி வந்து நிற்பதில்லை. ஆகவே அறுவைக்கூடமும் வெளிநோயாளர் பிரிவும் மருத்துவரின் நேரம் முழுவதையும் விழுங்கின. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களால் பொதுச் சுகாதாரம் மாகாண அமைச்சர்களின் பொறுப்பிற்கு வந்தது. அதன்பின், 1920களின் தொடக்கத்தில், சென்னையில் பொதுச் சுகாதாரத்துறை தனித்துறையாயிற்று. ஏ.ஜே.எச். ரஸ்ஸல் அதன் இயக்குநராகப் பணியாற்றினார். மாவட்டந்தோறும் ஹெல்த் ஆபீசர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. இதற்கு மருத்துவப் பட்டம் மட்டும் போதுமானதன்று. சுகாதார இயலில் தனிப்பயிற்சியும் வேண்டும் என்று கொள்ளப்பட்டது. 'அனுபவம்' என்பதைப் பணியாண்டுகளின் எண்ணிக்கையாகக் கருதாமல், செய்த பணியின் தன்மையாகக் கருதும் நோக்கு இங்கே தோன்றுகிறது எனலாம். 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்நோக்கிற்குச் சட்டவலிமை தந்தது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் மட்டுமன்றித் திருவிழாக் கூட்டங்களும் அச்சட்டத்தின் வரம்பிற்குள் வந்தன.

திருவிதாங்கூரின் நிலை வேறு. 1879இல் அரசு ஊழியர், சிறைவாசிகள், மாணவர் ஆகியோர்க்கு அம்மைக்குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. 1920களின் இறுதியிலிருந்து ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி நடைபெற்றது. நெய்யாற்றின்கரையில் ஒரு முன்மாதிரிச் சுகாதார அமைப்பும் உருவாயிற்று. இவையனைத்தும் பாராட்டத்தக்கனவே. ஆனால் நெய்யாற்றின்கரை திருவனந்தபுரத்தின் அண்டையூர். பீருமேடும் தேவிகுளமும் தலைநகருக்கு நெடுந்தொலைவில் உள்ள மலைநாடு. அங்குத் தேயிலைத் தோட்ட நிறுவனங்கள் தத்தம் தொழிலாளர்க்கெனத் தனி மருத்துவமனைகளை வைத்திருந்தன. பின்னர் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி அளிக்கும் கடமையை முதலாளிகள்மீது சுமத்தியது. இதனால் விளைந்த நன்மை தெளிவு. அதேவேளையில், மலைப்பகுதி மக்களுள் ஒரு பெரும்பிரிவினரின் உடல்நலம் அரசு அலுவலரின் நேரடிப் பார்வைக்கு அப்பால் சென்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இணைப்பிற்குப் பின்

1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோது அலுவலர்கள் ஒன்றிணைக்கப்பட்டனர், சட்டங்கள் ஒன்றிணைக்கப்படவில்லை. மாநிலச் சீரமைப்புச் சட்டம், மாற்றியமைக்கப்படும்வரை பழைய சட்டங்கள் அவ்வப் பகுதிகளில் நீடிக்க வழிசெய்தது. அதன் விளைவாகப் பாலக்காட்டில் சென்னையின் 1939ஆம் ஆண்டுச் சட்டமும், இடுக்கியில் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. ஒரே துறையின் அலுவலர் ஒருவர் பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு மாற்றப்பட்டால் அவர் கையாள வேண்டிய சட்டமும் மாறியது. 2023ஆம் ஆண்டுக் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் வரும்வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, இந்நிலை நீடித்தது.

1967இல் ஜங்கல்வாலா குழு, மருத்துவப் பணியையும் சுகாதாரப் பணியையும் ஒரே பணியமைப்பாக்கி, பொதுவான முதுநிலைப் பட்டியலைப் பின்பற்றப் பரிந்துரைத்தது. கேரளம் இவ்வழியை ஒத்த அமைப்பையே கொண்டது. அங்கு மாவட்ட மருத்துவ அலுவலர் மருத்துவமனைகளுக்கும் நோய்த்தடுப்பிற்கும் ஒருங்கே பொறுப்பாளர். தமிழகம் தனிப் பொதுச் சுகாதாரப் பணியமைப்பைக் கைவிடவில்லை. வருவாய் மாவட்டத்தினும் சிறிய சுகாதார மாவட்டங்களையும் அமைத்தது. பழனி அத்தகையது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. குழந்தை இறப்பைக் குறைப்பதில் கேரளம் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது. அதற்குக் கல்வியும் சமூக இயக்கங்களும் பெருங்காரணங்கள். எனினும் முதுநிலை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் பதவி உயர்வில் ஒரு குறைபாடு உண்டு. தலைமைப் பதவி ஓய்வுக்குச் சற்று முன்னரே ஒருவர் கைக்கு எட்டுகிறது; அவர் மாவட்டத்தை அறிந்துகொள்ளும் வேளையில் விடைபெற நேர்கிறது. சமவெளி மாவட்டம் இதனைத் தாங்கக்கூடும். ஊர்கள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கும் இடுக்கி தாங்குவது கடினம்.

அட்டப்பாடி

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி இதற்குத் தக்க சான்று. அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளில் இருளர், முதுகர், குறும்பர் வாழ்கின்றனர். இருளர் மொழி தமிழுக்கு நெருக்கமானது. மாவட்டத் தலைமையகம் மன்னார்க்காட்டிற்கும் அப்பால் உள்ளது. ஆனைகட்டி வழியே கோயம்புத்தூர் செல்வதே பலர்க்கு எளிது. 2013இல் இங்கு நேர்ந்த தொடர் குழந்தை இறப்புகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. ஊட்டச்சத்துக் குறைவும் தாய்மாரின் இரத்தசோகையும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அரசு திட்டங்களை அறிவித்தது. கோட்டத்தறைப் பழங்குடியினர் மருத்துவமனை வலுப்படுத்தப்பட்டது. 2021 டிசம்பரில் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வேறு மாவட்டத்திற்கு மாற்றப்பட்டபோது அது பெரும் விவாதத்திற்குள்ளாயிற்று. அம்மாற்றம் முறையானதா என்பது இங்கு ஆய்வுக்குரியதன்று. பழங்குடி ஊர்களின் மொழியும் வழக்கமும் அறிந்த அலுவலரின் அனுபவம் அவரோடே இடம்பெயர்கிறது. பின்வருபவர் தொடக்கத்திலிருந்தே பயில வேண்டியுள்ளது என்பதே நோக்கத்தக்கது. கருவுற்ற பெண் தன் உடல்நிலையைத் தயக்கமின்றிக் கூறுவதற்குக் கேட்பவர்மீது நம்பிக்கை வேண்டும். அது ஆணையால் வருவதன்று.

மொழியின் இடமும் இவ்வாறே. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே தொடர்புகொள்ள உரிமை அளிக்கிறது. தேவிகுளம் வட்டத்தில் தடுப்பூசி குறித்துப் பேசும் அலுவலருக்குத் தமிழறிவு கூடுதல் தகுதியன்று, அடிப்படைத் தேவை.

2023ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம், மாவட்டம், உள்ளாட்சி என்னும் மூன்று நிலைகளிலும் சுகாதார அதிகார அமைப்புகளை ஏற்படுத்தியுள்ளது. மாவட்ட நிலையில் அப்பொறுப்பு மாவட்ட மருத்துவ அலுவலரிடமே தரப்பட்டுள்ளது. 2025 ஜூலையில் பாலக்காட்டில் நிபா தொற்றுக் கண்டறியப்பட்டபோது, தமிழக அரசு எல்லைச் சாவடிகளில் கண்காணிப்பை மேற்கொண்டது. அத்தகைய நேரங்களில் பாலக்காட்டு மாவட்ட மருத்துவ அலுவலர், கோவைப் பக்கத்தில் நோய்த்தடுப்பிற்கு ஓர் அலுவலரையும் மருத்துவமனைகளுக்கு மற்றோர் அலுவலரையும் நாட வேண்டியுள்ளது. வாளையாற்றின் இருகரையிலும் பதவிப்பெயர்கள் ஒத்துவராதிருப்பதற்குக் காரணம், 1920களில் சென்னையில் பிரிக்கப்பட்ட அவ்விரு பணிகளே.