எலும்புப்புரை ஊசிக்குக் காப்பீடு மறுப்பா? சித்தூர், திருப்பதி நோயாளிகளுக்கு உள்ள வழிகள் என்ன?

திருப்பதி: ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் ஊசிக்கான செலவை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும்போது, மருந்து தேவையற்றது என்று அது சொல்வது அரிது. மருந்து எந்த முறையில் செலுத்தப்பட்டது, பாலிசி எடுத்து எத்தனை மாதங்கள் ஆயின என்பவையே காரணமாகக் காட்டப்படுகின்றன. எனவே, மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனை சுட்டப்பட்டுள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதைப் பொறுத்தே அடுத்த நடவடிக்கை அமையும்.

24 மணி நேர நிபந்தனை

சோலிட்ரானிக் அமிலம் ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 15 நிமிடங்கள் நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசி 6 மாதங்களுக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடப்படுகிறது. டெரிபாராடைடு ஊசியை நோயாளியே நாள்தோறும் வீட்டில் போட்டுக்கொள்கிறார். இவற்றில் எதற்கும் ஓரிரவு தங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், வழக்கமான பாலிசிகள் 24 மணி நேர உள்நோயாளி சிகிச்சைக்கும், மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் பகல்நேரச் சிகிச்சைகளுக்குமே பணம் தருகின்றன. புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் காப்பு இல்லையெனில், இந்தக் காரணத்தால் வரும் மறுப்பை முறியடிப்பது கடினம். பாலிசிக்காக மட்டும் ஒரு நாள் படுக்கையில் சேர்வதும் பலன் தராது. சேர்க்கை மருத்துவரீதியாகத் தேவையா என்ற கேள்வி அடுத்து எழும்.

24 மணி நேரத்துக்குக் குறைவாகத் தங்கியதாகக் கூறி மறுக்கப்பட்ட ஒரு கோரிக்கையில், நவீன மருத்துவ முறைகளால் சிகிச்சை நேரம் குறைந்துவிட்டது என்று கூறிப் பணம் வழங்குமாறு குஜராத்தின் வதோதரா நுகர்வோர் ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டலாம். எனினும் அது பிற ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது.

காத்திருப்புக் காலமும் எலும்பு முறிவும்

பல பாலிசிகளில் எலும்புப்புரை நோய் பெயர் குறிப்பிட்டே காத்திருப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் வயது சார்ந்த எலும்புப்புரைக்குத் தொடக்கத்தில் 48 மாதக் காத்திருப்பு இருந்தது. இத்தகைய காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது என 2024-இல் விதி மாற்றப்பட்டது. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் நோய் கண்டறியப்பட்டிருந்தால் அது முன்பே இருந்த நோயாகக் கருதப்படும். பழைய டெக்ஸா பரிசோதனை அறிக்கையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்று இருந்தாலே இந்தக் கேள்வி எழக்கூடும். நோயை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுப்பதற்கும் வரம்பு உண்டு. பாலிசி தொடர்ச்சியாக 60 மாதங்கள் நடைமுறையில் இருந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, அந்தக் காரணத்தைக் காட்ட முடியாது.

வாதாடினால் வெல்லக்கூடிய இடம் எலும்பு முறிவுதான். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூதாட்டியின் கோரிக்கை, 'எலும்புப்புரைக்கான காத்திருப்புக் காலம் முடியவில்லை' என்று மறுக்கப்படலாம். விபத்தால் நேர்ந்த காயத்துக்குக் காத்திருப்புக் காலம் பொருந்தாது. ஆகவே விழுந்த நாள், இடம், விதம் ஆகியவை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இடம்பெற வேண்டும். வீடு திரும்பிய பின் தொடங்கும் எலும்புப்புரை மருந்தையும் 'சிகிச்சைக்குப் பிந்தைய செலவு' என்ற தலைப்பில் கோரலாம்; ஆரோக்ய சஞ்சீவனியில் இதற்கு 60 நாள்கள் வரை இடமுண்டு. அந்த முறிவின் தொடர்சிகிச்சையாகவே மருந்து தரப்படுகிறது என்று மருத்துவர் ஒரு வரி எழுதித் தருவது அவசியம். இந்த ஒரு வரி இல்லாததாலேயே கோரிக்கை சிக்கலாகலாம்.

எங்கே முறையிடுவது?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழு ஒப்புதல் அளிக்காமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க முடியாது. பாலிசியின் எந்த நிபந்தனையின்கீழ் மறுக்கப்பட்டது என்பதையும் தெரிவித்தாக வேண்டும். 'விதிமுறைப்படி ஏற்க இயலாது' என்று மட்டும் கடிதம் வந்தால் இந்தச் சுற்றறிக்கையைச் சுட்டி விளக்கம் கேட்கலாம்.

முதல் முறையீடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துவடிவில் செல்ல வேண்டும். 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாள்களில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.5,000 வீதம் நிறுவனம் புகார்தாரருக்குத் தர வேண்டும்.

ஆந்திராவுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஹைதராபாத்தில் உள்ளது. ஆனால் புகார்தாரரின் வசிப்பிடம், நிறுவனக் கிளை அமைந்துள்ள இடம் ஆகிய இரண்டில் எதன் அடிப்படையிலும் புகார் அளிக்க விதி அனுமதிக்கிறது. வேலூரிலோ சென்னையிலோ உள்ள கிளையில் பாலிசி எடுத்த சித்தூர்க் குடும்பங்கள் சென்னை அலுவலகத்தையும் நாடலாம். எல்லையோரத் தமிழர்களுக்கு இது மிகவும் வசதியான வழி.

நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதாயின் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஒரே கோரிக்கையை இரண்டு இடங்களிலும் ஒருசேர நடத்த முடியாது.

மருந்தை நிறுத்தலாமா?

மாநில அரசின் டாக்டர் என்டிஆர் வைத்திய சேவைத் திட்டம் பட்டியலிடப்பட்ட மருத்துவமனைச் சிகிச்சைகளுக்கானது. எலும்பு முறிவு அறுவை சிகிச்சை பற்றி 104 எண்ணில் விசாரிக்கலாம். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு எலும்பியல் மருத்துவமனையும் உள்ளது. கால்சியம், வைட்டமின் மாத்திரைகளுக்கு, உள்நோயாளிச் சிகிச்சையின் பகுதியாக எழுதப்பட்டிருந்தாலன்றி, பாலிசியில் பணம் கிடைக்காது.

முறையீடு முடியும்வரை ஊசியைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. குறிப்பாக டெனோசுமாப் மருந்தை நிறுத்தினாலோ தாமதித்தாலோ எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறைந்து, முதுகெலும்பில் பல முறிவுகள் ஏற்படும் அபாயம் உண்டு. பணம் தடையானால், தவணை நாளுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, வாரம் ஒரு முறை உட்கொள்ளும் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கோ, ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சோலிட்ரானிக் அமிலத்துக்கோ மாற முடியுமா என்று கேட்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இவ்விரண்டும் ஏற்றவை அல்ல என்பதால், அந்தப் பரிசோதனை முடிவையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.