பம்பாய் காரவெல் விமான விபத்து, 1976

1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தின் வலப்புற என்ஜின், மேலெழுந்த சிறிது நேரத்திலேயே செயலிழந்தது. இரட்டை என்ஜின் விமானங்கள், ஒன்று நின்றாலும் மற்றொன்றால் பறந்து தரையிறங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. விமானிகளும் உடனே நிலையத்துக்குத் திரும்பினர்.

ஆனால் இங்கு என்ஜின் வெறுமனே நின்றுவிடவில்லை. உலோகச் சோர்வால் விரிசல் கண்டிருந்த அமுக்கி வட்டு சிதறி, எரிபொருள் குழாயைத் துண்டித்தது. தீப்பிடித்தது, ஹைட்ராலிக் எண்ணெய் வற்றியது, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. ஓடுபாதையை எட்டும் முன்பே விழுந்ததில் 95 பேரும் இறந்தனர். தமிழில் 'பத்ரகாளி' படத்தில் நடித்துவந்த ராணி சந்திராவும் அவர்களுள் ஒருவர். அப்படம் அவர் இறந்த பின்பே வெளியானது.

என்ஜின் கோளாறைச் சமாளிப்பது விமானியின் கையில் மட்டும் இல்லை. பறக்கும் முன் விரிசலைக் கண்டறியும் பராமரிப்பிலேயே அது தொடங்குகிறது.