வாசகர் எழுதும் கடிதம்

கதை எழுதுகிறவனுக்கு மூன்று எஜமானர்கள்: பத்திரிகாசிரியர், பிரசுரகர்த்தர், வாசகர். முதல் இருவரோடு எப்படியாவது சமாதானமாகப் போய்விடலாம். மூன்றாமவரோடு அது நடக்காது. அவர் ஆயிரம் முகம் உடையவர். கதாநாயகி சாகக் கூடாது என்று ஒருவர் மன்றாடுவார். அவள் இன்னும் ஏன் சாகவில்லை என்று இன்னொருவர் கோபித்துக்கொள்வார்.

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி முடித்த 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். 'அவர் பிறகு என்ன ஆனார், இவள் யாரை மணந்தாள்?' என்று கேள்விகள் குவிந்தன. ஆசிரியர் தனியாக ஒரு முடிவுரை எழுதி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்ஸன் என்ற அச்சுக்கூட முதலாளி, 1747-48ல் 'கிளாரிஸா' என்ற நெடிய நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். முடிவில் கிளாரிஸா இறக்கப்போகிறாள் என்ற வதந்தி பரவியது. பிராட்ஷா சீமாட்டி என்ற பெண்மணி, பொய்ப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, அவளைக் காப்பாற்றும்படி அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ரிச்சர்ட்ஸன் அசையவில்லை. கிளாரிஸா இறந்தாள். ஆனால் ஆசிரியருக்கும் சீமாட்டிக்கும் ஏற்பட்ட கடிதச் சிநேகம், 1761ல் ரிச்சர்ட்ஸன் காலமாகும் வரையில் நீடித்தது.

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1841ல், சார்லஸ் டிக்கன்ஸுக்கும் அதே சோதனை வந்தது. வாரந்தோறும் வெளிவந்த 'பழம்பொருள் கடை' கதையில் நெல் என்ற சிறுமியைச் சாகவிடாதீர்கள் என்று கடிதங்கள் குவிந்தன. அவரும் இணங்கவில்லை. இணங்கியவர் கானன் டாயில். 1893ல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்த்தார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருஷம் கழித்து, 1903ல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார்.

இவர்கள் எல்லோரும் கேட்டது உயிர்ப்பிச்சை. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் ஆசிரியர் இஷ்டம். ஆனால் 1863ல் டிக்கன்ஸுக்கு வந்த ஒரு கடிதம் வேறு ரகம். அது கேட்டது நியாயம்.

எழுதியவர் எலைஸா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி. டிக்கன்ஸுக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. லண்டனில் அவர் குடியிருந்த டாவிஸ்டாக் மாளிகையை 1860ல் வாங்கியவர் இந்த அம்மாளின் கணவர்தான். பேரம் நடந்தபோது அந்த மனிதரை இன ரீதியாக இளக்காரம் செய்து டிக்கன்ஸ் தம் நண்பர் ஒருவருக்கு எழுதியிருந்தார். கிரயம் முடிந்த பிறகோ, இவ்வளவு நாணயமான கொடுக்கல் வாங்கலைத் தாம் கண்டதில்லை என்றும் அவரே எழுதினார்.

எலைஸா அம்மாள் ஒரு தரும காரியத்துக்கு நன்கொடை கேட்டு எழுதினார். கூடவே தம் மனத்தில் இருந்ததையும் சொன்னார். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவன் ஃபேகினை யூதனாகப் படைத்ததால், ஏற்கெனவே இகழப்பட்ட ஓர் இனத்தின் மீதுள்ள துவேஷத்துக்கு நீங்கள் தூபம் போட்டுவிட்டீர்கள் என்பது அவருடைய வழக்கு. அந்த நாவல் வெளிவந்து அப்போதே இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது.

டிக்கன்ஸ் நன்கொடை அனுப்பினார். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கதை நடந்த காலத்தில் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் யூதர்களே. தவிர, கதையில் வரும் மற்றக் கயவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள்தாமே என்று வாதாடினார். நம்மில் எவருக்கும் சட்டென்று தோன்றக்கூடிய பதில்தான். அந்த அம்மாள் மீண்டும் எழுதினார். கிறிஸ்தவக் கயவர்களுக்கு எதிர்த்தட்டில் நல்ல கிறிஸ்தவர்களையும் நிறுத்தியிருக்கிறீர்கள். ஃபேகின் மட்டும் தனியாக, 'யூதன்' என்ற பெயரோடு நிற்கிறான் என்று சுட்டிக்காட்டினார்.

இந்தக் கேள்விக்கு டிக்கன்ஸால் கடிதத்தில் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்தில்தான் சொன்னார். 1864-65ல் வந்த 'நமது பொது நண்பன்' நாவலில் ரயா என்ற நல்ல யூதரைப் படைத்தார். கிறிஸ்தவ லேவாதேவிக்காரன் ஒருவன் அவரை முன்னால் நிறுத்திவிட்டு, பழியை அவர் தலையில் போட்டு, தான் கொள்ளையடிக்கிறான். யோசனை அபாரம். ஆனால் தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: ரயா ரத்தமும் சதையுமான மனிதராக எழுந்து நடக்கவில்லை. பிராயச்சித்தத்துக்காகப் பிறந்த பாத்திரங்களுக்கு அந்தத் தோஷம் உண்டு.

உண்மையான பிராயச்சித்தம் வேறிடத்தில் இருக்கிறது. 1867ல் 'ஆலிவர் ட்விஸ்ட்' புதுப்பதிப்புக்கு வந்தபோது, பல இடங்களில் 'யூதன்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'ஃபேகின்' என்றோ 'அவன்' என்றோ மாற்றினார். முதல் 38 அத்தியாயங்கள் ஏற்கெனவே அச்சுக் கோத்தாகிவிட்டன. அவற்றில் அந்தச் சொல் இருநூறு தடவைக்கு மேல் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு அருகிவிடுகிறது. ஒரு வாசகியின் கடிதம் எந்தப் பக்கத்தில் ஆசிரியரின் கையைப் பிடித்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதே வருஷம் எலைஸா அம்மாள் அவருக்கு எபிரேய மொழியோடு கூடிய விவிலியம் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். செய்த தீங்கை உணர்ந்ததும் அதற்கு ஈடு செய்ததைப் பாராட்டி அதில் எழுதியும் கொடுத்தார்.

இந்த வரலாறு எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கலாம். என் நாவல் ஒன்றில் நாவிதர் ஒருவர் வருகிறார். ஊர் வம்பு முழுவதையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. வாசகர்கள் சிரித்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஒரு நாள் ஒரு தபால் கார்டு வந்தது. "என் தகப்பனார் முப்பது வருஷம் அந்தத் தொழில் செய்தார். ஒரு வீட்டு ரகசியத்தை இன்னொரு வீட்டில் சொன்னதில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் சாமர்த்தியமாகப் பதில் போட்டேன்: கதையில் வக்கீலும் மிராசுதாரரும்கூடத்தானே வம்பு பேசுகிறார்கள்?

இரண்டாவது கார்டு வந்தது. "வக்கீலுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். மிராசுதாரருக்கும் பெயர் இருக்கிறது. இவருக்கு மட்டும் தொழில்தான் பெயரா?"

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் அந்த மனிதருக்குப் பெயரே இல்லை.

மறு பதிப்பில் அவருக்கு ஒரு பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் சங்கடம் தொடங்கியது. அவர் வீடு எந்தத் தெருவில், குழந்தைகள் எத்தனை, எப்போது சாப்பிடுகிறார் என்றெல்லாம் எனக்குத் தெரியவேண்டியதாயிற்று. அவை தெரிந்த பிறகு இரண்டு வம்புக் காட்சிகள் ஒட்டவில்லை, நீக்கிவிட்டேன். கதைக்கு நஷ்டம் ஏதும் இல்லை.

புதுப்பதிப்பின் பிரதி ஒன்றைக் கார்டில் இருந்த விலாசத்துக்கு அனுப்பினேன். டிக்கன்ஸுக்கு விவிலியம் வந்தது. எனக்குப் பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.