ஆடு, புலி, அணுகுண்டு

போத்தனூருக்கு 1862-லேயே ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் பேப்பூருக்குப் போன பாதை அது. ஆரம்பத்தில் கோயமுத்தூர்க்காரர்களே ரயில் ஏற இங்கேதான் வரவேண்டும்!

அந்தப் போத்தனூரில் எனக்கு ஒரு வாத்தியார் நண்பர். ஒரு கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, ஜப்பானியர்கள் உயிரைவிடும் 'கோ' ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். நெட்டுக்கு 19 கோடு, குறுக்கே 19 கோடு, மொத்தம் 361 சந்திப்புகள், கறுப்புக் காய், வெள்ளைக் காய்... பத்தே நிமிடம். பாதிப் பேர் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். ஓரமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க வாத்தியாரே, இது நம்ம ஆடு-புலி மாதிரியில்லீங்க இருக்குது?"

பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை! கொங்குநாட்டில் கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த ஆடு-புலியில் 3 புலி, 15 ஆடு, 23 சந்திப்புகள். ஆட்டை ஒவ்வொன்றாகச் சந்திப்பில் வைக்கவேண்டும். புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. கூட்டமாகச் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கத்தான் தெரியும். 'கோ'வில் குதிக்கிற வேலையே கிடையாது, அடைப்பது மட்டும்தான். ஒரு காயைச் சுற்றி நான்கு பக்கமும் காலி இடம் இருக்கும். அதுதான் அதன் மூச்சு. நாலையும் எதிராளி அடைத்துவிட்டால் காய் காலி. கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்துப் போட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். ரியல் எஸ்டேட் மாதிரி!

சீனாவில் 2,000 வருடங்களுக்கு மேலாக ஆடிவரும் ஆட்டம் இது. ஜப்பானுக்குப் போனதும் அந்தஸ்து ஏறிவிட்டது. தோக்குகவா ஆட்சியில் 'கோ' விற்பன்னர்களுக்கு அரசாங்கமே மானியம் கொடுத்தது. சதுரங்கம் ஆடினால் நம் வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஆட்டத்தின் மீது அவர்களுக்கு எத்தனை பித்து என்பதற்கு ஒரு சம்பவம். 1945 ஆகஸ்ட். 'ஹோனின்போ' பட்டத்துக்கான போட்டி. பட்டம் வைத்திருந்தவர் உதாரோ ஹாஷிமோட்டோ. சவால் விட்டவர் கவோரு இவாமோட்டோ. முதல் ஆட்டம் நடந்தது ஹிரோஷிமா நகருக்குள். குண்டு விழும் அபாயம் இருக்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று போலீஸ் சொன்னதால், இரண்டாவது ஆட்டத்தைப் புறநகரான இட்சுகாய்ச்சிக்கு மாற்றினார்கள். மூன்று நாள் ஆட்டம். ஆகஸ்ட் 6 காலை, விட்ட இடத்திலிருந்து தொடரக் காய்களைப் பலகையில் அடுக்கியிருந்தார்கள். மணி 8.15. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பிறகு பேய்க்காற்று. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, காய்கள் சிதறின.

அறையைப் பெருக்கினார்கள். காய்களை மறுபடி அடுக்கினார்கள். அன்றைக்கே ஆடி முடித்தார்கள்! ஹாஷிமோட்டோ 5 புள்ளியில் ஜெயித்தார். என்ன நடந்தது என்று அப்போது அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. இடம் மாறாமல் இருந்திருந்தால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே ஆள் இருந்திருக்காது.

தோற்ற இவாமோட்டோதான் நம் கதாநாயகர். அந்தப் பட்டம் மறுவருஷம் அவருக்கே கிடைத்தது. டோக்கியோவில் கோ சங்கத்தின் கட்டடம் விமானத் தாக்குதலில் எரிந்து போயிருந்ததால், போருக்குப் பின் தன் வீட்டிலேயே சங்கத்தை நடத்தினார். வயதான பிறகு சொந்தப் பணத்தைப் போட்டு ஆம்ஸ்டர்டாம், சியாட்டில், நியூயார்க் என்று 'கோ' மையங்கள் தொடங்க வழிசெய்தார். 'கோ' என்றால் என்னவென்றே தெரியாதவன் உள்ளே நுழைந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டுமே! 1999-ல் 97 வயதில் இறந்தார்.

நம் ஊரில் சதுரங்கத்துக்கு இப்படி நாற்காலி போட்டவர் மானுவேல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் 'தால் செஸ் கிளப்'பை ஆரம்பித்தார். ரஷ்யப் புத்தகங்கள், பலகைகள், ஆட ஆள். அங்கே வந்துபோன பொடியன்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த், 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர். 2024-ல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது எல்லோரும் ஆனந்தைப் பேசினார்கள். அந்த அறையைப் பேசியவர்கள் குறைவு.

சரி, அறை கிடைத்தாலும் பிள்ளைகள் ஓடாமல் இருக்கவேண்டுமே? அதற்கும் ஒரு ஜப்பானியர் வழி கண்டார். யசுதோஷி யசுதா என்கிற தொழில்முறை ஆட்டக்காரர். பாலர் பள்ளி, முதியோர் இல்லம் என்று ஏறி இறங்கியவர். இடம் வளைப்பது, புள்ளி எண்ணுவது எல்லாவற்றையும் மூட்டை கட்டிவைத்தார். சின்னப் பலகை, ஒரே விதி: எதிராளியின் காயை முதலில் பிடிப்பவர் ஜெயித்தார். முழு ஆட்டம் அப்புறம்.

இதை நண்பருக்கு போனில் சொன்னேன். அடுத்த வாரம் திண்ணையில் சாக்பீஸால் 9-க்கு 9 கோடு. கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குக் கூழாங்கல். நான் போயிருந்த அன்று அந்தப் பெரியவர் ஆறாவது படிக்கும் ஒரு பெண்ணிடம் மூன்றாவது தடவையாகத் தோற்றிருந்தார்.

"எடு கண்ணு, இன்னொரு ஆட்டம்" என்று கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.