ஊற்று ஒன்று, குழாய் பல: ஒலிப் பகிர்வும் அதிகாரமும் குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற ஆண்டு ஒரு மாலை. அன்னவாசலுக்கு அருகில், எங்கள் வாசகர் வட்டம் மாதமொருமுறை கூடுகிற ஓட்டுக் கொட்டகையில், ஒரு பறைக் கலைஞரின் பேச்சை எல்லோரும் கேட்க ஏற்பாடு செய்திருந்தோம். பெரியவர் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு நாங்கள் பதிவு செய்த பேச்சு அது. எந்தச் சடங்குக்கு எந்த அடி, எந்த அடியை யார் வீட்டு வாசலில் அடிக்கச் சொன்னார்கள், எதை அடிக்க மறுத்து உதை வாங்கினார் என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். கொட்டகைக்குள் ஒரு பெட்டி ஒலிபெருக்கி, பெண்கள் உட்காரும் திண்ணையில் சின்னதாக ஒரு புளூடூத் ஒலிபெருக்கி, கூரைமேல் மைக் செட்டுக் குழாய் ஒன்று. மூன்றிலும் ஒரே நேரத்தில் அவர் பேச வேண்டும். கணினி, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் ஒன்று. பழசாகிப்போன அதில் நண்பர் லினக்ஸ் ஏற்றி, பாட்டுக்கும் படத்துக்குமென்று வைத்திருந்தார்.

பொத்தானை அழுத்தினால் கொட்டகைக்குள் மட்டும் பேசுகிறார். அமைப்பை மாற்றினால் கூரைமேல் மட்டும் பேசுகிறார், கொட்டகை ஊமையாகிறது. மறுபடி மாற்றினால் திண்ணையில் மட்டும். கணினி ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாயைத்தான் தேர்ந்தெடுத்தது. மணி ஏழாகிவிட்டது. தெருவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த, பெரியவருக்கு உறவான ஒரு பாட்டி கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கொழாய எந்தப் பக்கம் பாக்க வச்சிருக்கீக?"

நிமிர்ந்து பார்த்தேன். குழாய் ஊரைப் பார்த்திருந்தது. காலனி அதன் முதுகுப்புறம். கட்டியவன் நான்தான். யோசித்துக் கட்டவில்லை, யோசிக்காமல் கட்டியபோது கை தானாகவே அந்தப் பக்கம் போயிருக்கிறது. குழாய் பார்த்திருந்த பக்கத்தில் பிறந்தவன் நான்.

ஒரு ஒலியைப் பல வாய்களுக்குப் பிரித்துக் கொடுப்பது தொழில்நுட்பச் சிக்கல் மட்டும்தானா? பிரித்துக் கொடுப்பவர் யார், எந்த வாய் எந்தத் திசையில், எவ்வளவு சத்தமாக என்பதையெல்லாம் முடிவு செய்பவர் யார்? இந்த மாவட்டத்தை வைத்தே இதைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

2

கொட்டகையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் குடுமியான்மலை. அங்கே குடைவரையை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்து, சமஸ்கிருதப் பெயர்கள், 38 வரிகள், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள். உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் மாணாக்கர் நலனுக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மன்தான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது; அதை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு முக்கியம் வேறொன்று. எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்று தமிழில் ஒரு சிறு குறிப்பு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. எட்டு, ஏழு என்பவை நரம்புகளின் எண்ணிக்கை, அதாவது இருவகைக் கருவிகள் என்று கொள்ளும் விளக்கம் உண்டு. அதை ஏற்றால், ஒரே சுரக்கோவை இருவேறு கருவிகளின் வழியே வெளிப்படலாம் என்று பாறையில் எழுதி வைத்த பழைய சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் அந்த 'மாணாக்கர்' யார்? அரசன் தருகிறான், ஆசான் பெயர் சான்றாக நிற்கிறது, அனுமதிக்கப்பட்ட செவிகள் பெற்றுக்கொள்கின்றன. எங்கள் பெரியவர் ஒன்றரை மணி நேரம் சொன்ன அடிகளில் ஒன்றுக்குக்கூட இந்தப் பாறையில் இடமில்லை. அவை உடலிலிருந்து உடலுக்குப் போனவை. கல்லில் ஏறியதுதான் இசை வரலாறு என்றாகிவிட்ட பிறகு, உடலில் இருந்தது வெறும் சத்தமாகிவிட்டது.

3

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். சென்னையில் 1924இல் ஒரு தனியார் வானொலிச் சங்கம் தொடங்கியது. 1930இல் மாநகராட்சி அந்தச் சேவையை ஏற்று, கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கிகள் வைத்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் 1939 மே 16இல் திருச்சி நிலையமும் வந்தன. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. தனி மாவட்டமானது 1974இல். ஆக, நமக்கு நீண்ட காலம் 'வானொலி' என்றால் திருச்சிதான்.

வீட்டுக்கு வீடு பெட்டி வாங்க முடியாத காலம் என்பதால் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. அலுவலகத்துக்குள் பூட்டிய பெட்டி, வெளியே குழாய். ஒரு நிலையம், ஆயிரம் ஊர், ஊருக்கொரு வாய். 1956இல் புனேவைச் சுற்றிச் சுமார் 150 கிராமங்களில் யுனெஸ்கோ ஆதரவோடு நடந்த சோதனையில், கேட்பவர்கள் குழுவாகக் கூடி விவாதித்து, தம் கேள்விகளை நிலையத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 'கேட்பவர் திருப்பிப் பேசலாம்' என்ற எண்ணம் அரசுக்கும் வந்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நமக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது 'ரேடியோ நெல்'. அறுபதுகளில் திருச்சி வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 ரகத்துக்குத் தஞ்சை விவசாயிகள் வைத்த பெயர் அது. விதைக்கே வானொலியின் பெயர் வந்தது, அந்தக் குரலுக்கு இருந்த அதிகாரத்தின் அளவைக் காட்டுகிறது. நிலம் இருந்தவருக்கு அது செய்தி. நிலமில்லாதவருக்கு, நாளைக்கு யார் வயலில் என்ன நடுவோம் என்பதை முன்கூட்டிச் சொல்லும் குரல்.

பாட்டியின் நினைவு வேறு மாதிரி இருக்கிறது. "செய்தி கேக்கணும்னா வாய்க்கா மேட்டுல நிப்போம். காத்து நம்ம பக்கம் அடிச்சா சேதி வரும்." காற்று கொண்டுவந்தால் உண்டு. அலைவரிசைக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

4

குழாய் என்ற சொல் எங்கள் பேச்சில் தண்ணீருக்கும் ஒலிக்கும் பொது. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஒரு தொட்டி, பல குழாய் என்ற அமைப்பு எவ்வளவு சமத்துவமாகத் தோன்றினாலும், தொட்டிக்கு மேலே ஏற முடிந்தவர் யார் என்ற கேள்வி அங்கே கீழே இருப்பவரின் உயிர்க் கேள்வியாகிறது. ஒலியையும் தண்ணீரையும் ஒன்றாக்கிக் குழப்புவது என் நோக்கமில்லை. பகிர்வின் சமத்துவத்தைக் குழாய்களின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மைக் செட்டுக்காரரிடம் கேட்டால் இன்னும் நுணுக்கமாகச் சொல்வார். ஆம்பிளிபயரிலிருந்து ஒரு ஜோடி வயர் ஊர் முழுக்க ஓடுகிறது. தூரம் போகிறபோது சத்தம் குறையாமலிருக்க அதில் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர். அதில் எந்த முனையில் வயரைச் சொருகுகிறோமோ அதைப் பொறுத்து அந்தக் குழாய்க்கு இத்தனை வாட். ஒரே பாட்டு, ஒரே வயர், ஆனால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்பது ஏணி மேல் நிற்பவரின் விரலில். நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிற ஒலி, நூறு மீட்டர் தள்ளி நிற்பவரை அடைய ஏறக்குறைய 0.3 நொடி எடுக்கும். கடைசித் தெருவில் நிற்பவர் பக்கத்துக் குழாயின் சொல்லோடு தூரத்துக் குழாயின் பழைய சொல்லையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

இந்தக் குழாய்ச் சத்தத்தை இரைச்சல் என்று ஒதுக்குவது நம் படித்த மரபு. பால் கிரீன் என்ற இசை ஆய்வாளர் 1999இல் எழுதிய கட்டுரையில், தமிழ்க் கிராமத்தில் ஒலிநாடாவைக் குழாயில் போடுவதையே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதலாக வாசித்தார். அதை ஒப்புக்கொள்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டின் விதியும் தேவையானதுதான். ஆனால் நிகழ்த்துதல் என்றாலும் இரைச்சல் என்றாலும், யாருடைய நிகழ்த்துதல் யாருடைய தூக்கத்தின் மேல் என்பதை இரண்டு பார்வைகளும் கேட்பதில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தண்டோராவை எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதனின் உடலையே ஒலிபெருக்கியாக்கிய முறை அது. அடுத்தவர் உத்தரவை, அடுத்தவர் சொற்களில், தெருத்தெருவாக நின்று கத்த வேண்டும். 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, தண்டோரா தேவையில்லை, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்றார். இந்த இடத்தில் இயந்திரம் ஒரு இழிவைக் கழுவியிருக்கிறது. பறையின் அழகியல் பேசுகிற நாம் இதை மறக்கக் கூடாது. பெரியவரே பதிவில் சொல்கிறார்: "கொழா வந்தன்னைக்கு எனக்கு நிம்மதி." பிறகு கொஞ்சம் நிறுத்தி: "ஆனா அதுலயும் அவுகதான பேசுனாக."

5

வாய்கள் பெருகியதோடு ஊற்றும் பெருகிய ஒரு தருணம் இந்த மாவட்டத்துக்கு உண்டு. 1991-92இன் அறிவொளி இயக்கம். பாட்டுகளும் வீதி நாடகங்களும் தொண்டர்களுக்குக் கற்றுத்தரப்பட்டன. அவர்கள் மைக் இல்லாமல் தெருவில் பாடினார்கள். ஒரு பாட்டு ஆயிரம் தொண்டைகளுக்குப் போனது. குழாய் வாங்கியதை அப்படியே கக்கும். தொண்டை அப்படிச் செய்யாது. கல்குவாரிக்குப் போனால் கல்லைச் சேர்த்துக்கொள்ளும், வயலுக்குப் போனால் கூலியை. அந்த இயக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தன் வண்டியில் ஏறித் தானே போகிற பெண் செய்திக்காக வாய்க்கால் மேட்டில் காற்றைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. அரசு ஆதரவில் நடந்த இயக்கம் என்பதால் அதன் எல்லைகளும் நமக்குத் தெரியும். இருந்தாலும், பல வாய் என்பதற்கு இந்த மண்ணிலிருந்து நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் அதுதான்.

6

இப்போது அந்த மடிக்கணினி. லினக்ஸில் ஒலி புறப்படும் இடத்துக்கு 'சோர்ஸ்' என்று பெயர், போய்ச் சேரும் இடத்துக்கு 'சிங்க்'. ஊற்றும் தொட்டியும். 2004இல் வெளிவந்த பல்ஸ்ஆடியோவும், 2021இல் ஃபெடோரா 34 அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட பைப்வயரும் இந்தச் சொற்களில்தான் பேசுகின்றன. பைப்வயர் என்ற பெயரிலேயே குழாயும் கம்பியும்! ஒரு பாட்டு ஒரு சிங்க்குக்குத்தான் போகும் என்பது இயல்பான ஏற்பாடு. மூன்றுக்கும் போக வேண்டுமென்றால், 'கம்பைன் சிங்க்' என்று ஒரு கற்பனைத் தொட்டியை உருவாக்க வேண்டும். பாட்டு அதற்குள் விழும். அது மூன்றுக்கும் பிரித்துவிடும். ஒரு கட்டளையில் முடிகிற வேலை, எங்களுக்கு அது தெரிய இரண்டு மணி நேரமானது.

பிரித்த பிறகுதான் உண்மையான சிக்கல். ஒவ்வொரு ஒலி அட்டைக்கும் தனித்தனிப் படிகக் கடிகாரம். இரண்டுமே நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று சொல்லிக்கொள்ளும். ஒன்று 48,001 ஓடினால் போதும், ஒரு மணி நேரத்தில் 3,600 மாதிரிகள், அதாவது 0.075 நொடி விலகிவிடும். எனவே மென்பொருள் சிலவற்றின் வேகத்தை நுட்பமாகத் திருத்தி மற்றதோடு ஒத்துப்போக வைக்கிறது. இப்படி ஒத்துப்போக வேண்டிய வெளியீடுகளுக்குப் பல்ஸ்ஆடியோ பல ஆண்டுகள் வைத்திருந்த பெயர் 'ஸ்லேவ்ஸ்'. அடிமைகள். தொழில்நுட்பம் நடுநிலையானது என்று நம்புகிற நண்பர்கள் இந்தச் சொல்லின் முன் சற்று நிற்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. புளூடூத் ஒலிபெருக்கி மற்றவற்றை விடப் பிந்திப் பேசும். திண்ணைக்குப் போகும் சொல் கொட்டகையின் சொல்லுக்குப் பின்னால் இழுபடும். பைப்வயரில் தாமதத்தை ஈடுகட்டும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. முந்தி வருபவை பிந்தி வருவதற்காகக் காத்திருக்கும். ஆனால் அது தானாக நடக்காது. அமைப்புக் கோப்பில் நாம்தான் எழுதி இயக்க வேண்டும். முந்தியவர் காத்திருப்பது எந்த அமைப்பிலும் இயல்பாக நடப்பதில்லை போலிருக்கிறது.

7

பிரெக்ட் 1932இல் வானொலி பற்றி எழுதியபோது கேட்டது எளிமையானது: வெறுமனே விநியோகிக்கும் இந்தக் கருவியை, கேட்பவரும் பேசக்கூடிய தொடர்புக் கருவியாக மாற்ற வேண்டும். கருவி அதற்கு எதிரியில்லை. குழாயின் யூனிட்டுக்குள் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் சவ்வும், எதிர்த்திசையில் இணைத்தால் மைக்காகவும் வேலை செய்யும். லினக்ஸிலும் 'லூப்பேக்' என்று ஒன்றை ஏற்றினால் மைக்கிலிருந்து வருவது நேராக ஒலிபெருக்கிக்குப் போகும். வாயும் காதும் இடம் மாறுவது பொறியியலில் சின்ன வேலை.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மூன்று இடத்திலும் பெரியவர் பேசினார். அதற்கு முன் குழாயைக் காலனிப் பக்கம் திருப்பிவிட்டேன், கொஞ்சம் பெருமையோடுதான். பாட்டி கேட்டு முடித்துவிட்டுப் போகும்போது சொன்னார்: "எங்க வீட்டு மனுசன் பேச்ச எங்களுக்கே கொழாயில போடுறீக. அடுத்த தடவ கொழா வேணாம் தம்பி. மைக்க அங்கிட்டு வைங்க. கொழாய வேணா ஊரப் பாக்கத் திருப்பிக்கங்க."

அடுத்த கூட்டத்தில் இதை முன்வைத்தேன். வட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை. கொட்டகை பொது இடம், ஊரில் பேச்சு வரும் என்றார் ஒருவர். செய்யலாம், இன்னொரு மாதம் போகட்டும் என்றார் மற்றவர். கடைசியில், கொட்டகையிலிருந்து காலனி வரைக்கும் மைக் வயர் எட்டாது என்று முடிவானது. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

வயர் அன்னவாசல் கடையிலேயே கிடைக்கிறது. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள்.